சிங்கம் வரிசையில் நின்ற கோழி வறுவல்

கேக்கறவங்க எல்லாரும் கொஞ்சம் தள்ளியே ஒக்காருங்க. போகப் போக மிளகா நெடி அடிக்கும். அப்புறம் இருமிக்கிட்டே என்னைத் திட்டப்படாது.

பள்ளிபாளையத்துல செங்கோட்டுவேலுன்னு ஒருத்தரு. திருச்செங்கோட்டுப் பக்கம் போர் போடற ரிக் வண்டியில மேனேஜரா இருந்து ஓய்ஞ்சவரு. வயசு அம்பத்தெட்டு, ஆனா வாய்க்கு மட்டும் வயசே ஆகலை. அவரு சம்சாரம் தெய்வானை. முப்பத்தோரு வருசமா அந்த வீட்டு அடுப்புக்கு முன்னால நின்னவ. அவ கோழி வறுக்கற அன்னிக்குப் பக்கத்து வீட்டுல ரசம் வச்சவங்க, சாப்பிட ஒக்காந்தும் சாப்பிட மனசில்லாம எந்திரிச்சுப் போயிருவாங்க. இது புளுகில்லீங்க. புளுகு இனிமேத்தான் வருது.

தெய்வானையோட வறுவல்ல பொடின்னு ஒண்ணுமே கெடையாது. சின்ன வெங்காயம், வரமிளகா, தேங்காச் சில்லு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு. அம்புட்டுத்தான். ஆனா அந்த மிளகா இருக்குதே, அதை ஒவ்வொண்ணா கிள்ளி, உள்ளங்கையில தட்டி, வெதையை எல்லாம் உதுத்துட்டு வெறும் தோலைத்தான் எண்ணெயில போடுவா. ஒரு கோழிக்கு நாப்பது மிளகா. வெதை எடுத்த வெரலு ரெண்டு நாளைக்கு எரியும். அந்த எரிச்சலை யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டவங்க "என்னா ருசி, என்னா ருசி"ன்னு கையைக் கழுவிட்டு வரும்போது, செங்கோட்டுவேலு மீசையைத் தடவிக்கிட்டு, "எல்லாம் நாஞ் சொல்லிக்குடுத்த பக்குவமுங்க"ன்னு முன்னால வந்து நின்னுக்குவாரு.

சொல்லிட்டுப் போகட்டும்னு அவளும் இத்தனை வருசம் விட்டுட்டா. விட்டதுதான் தப்பாப் போச்சு. பொண்ணு கோகிலவாணிக்குக் குமாரபாளையத்துல நிச்சயம். மாப்பிள்ளையோட அப்பா நாச்சிமுத்து, எட்டுத் தறி ஓட்டறவரு. தறிச் சத்தத்துக்கு நடுவுல இருந்து இருந்து, பேச்சையே மறந்துட்ட மாதிரி ஒரு மனுசன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம். அவருகிட்டப் போயி நம்மாளு சொல்றாரு: "எங்க வீட்டுல கோழி நாந்தானுங்க வறுக்கறது. அவளுக்கு வெங்காயம் உரிக்கத்தான் தெரியும்."

தெய்வானை வெத்தலை பாக்குத் தட்டத்தோட அவருக்கு நேர் பின்னால நின்னுக்கிட்டு இருந்தா.

நாச்சிமுத்து அன்னிக்கு உண்டான நாலு வார்த்தையையும் மொத்தமாச் செலவு பண்ணினாரு. "ஞாயித்துக்கெழமை வர்றோம். வறுத்துப் போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் சண்டை வரும்னு செங்கோட்டுவேலு தயாராத்தான் இருந்தாரு. தெய்வானை சத்தமே போடலை. சேலையை மடிச்சுக்கிட்டே, "சரி, வறுங்க"ன்னா.

"ஏம்புள்ள, நீயி...?"

"நானு வெங்காயம் உரிச்சுத் தர்றேன். எனக்கு அதுதானுங்களே தெரியும்."

அதுக்கப்புறம் அந்த வாரம் பூரா அவரு என்ன கெஞ்சியும் அவ எறங்கி வரலை. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். இந்த வீட்டுல சமைக்கறது யாருன்னு அந்த வாயால, நாலு பேருக்கு முன்னால, ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்டுடணும். பொண்ணு கல்யாணமாகிப் போறதுக்குள்ள கேட்டுடணும்னு வைராக்கியம். இன்னொரு பக்கம், வந்த சம்பந்தி வாயில வெக்க முடியாம எந்திரிச்சுப் போயிட்டா பொண்ணு மொகத்துல எப்படி முழிக்கறதுங்கற பயமும் இருந்துது.

ஞாயித்துக்கெழமை பத்தரைக்கெல்லாம் நாச்சிமுத்துவும் அவரு சம்சாரம் பருவதமும் வந்து எறங்கிட்டாங்க. பருவதம் நல்ல கலகலப்பான அம்மா. சக்கரை வியாதிக்காரி, பன்னெண்டரைக்குள்ள சாப்பிட்டாகணும். அதையும் வந்ததுமே சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. சமையக்கட்டுல தண்ணி குடிச்சுட்டு எல்லாரும் பின்பக்கம் பொடக்காளியில பிளாஸ்டிக் சேர் போட்டு ஒக்காந்தாங்க. அங்கதான் செங்கோட்டுவேலு மூணு ஹாலோ பிளாக் கல்லை வச்சு அடுப்புக் கூட்டி, வெறகு அடுக்கி, மேல பெரிய வடச்சட்டியை ஏத்தி வச்சிருந்தாரு.

"ஏனுங்கண்ணா, உள்ளாற கேஸ் அடுப்பு இருக்குதுங்களே?"ன்னு பருவதம் கேட்டாங்க.

"கேஸுல வறுத்தா அது கோழிக்கே அவமானமுங்கம்மா"ன்னாரு. விசயம் என்னன்னா, கேஸ் குமிழை எந்தப் பக்கம் திருப்பணும்னு அவருக்குத் தெரியாது. அது தெய்வானைக்கு மட்டுந்தான் தெரியும்.

அவ வெங்காயத்தை உரிச்சு ஒரு கிண்ணத்துல வச்சா. தேங்காயைச் சில்லுப் போட்டு வச்சா. மஞ்சள் தடவின ரெண்டு நாட்டுக்கோழி குண்டாவுல. எண்பது வரமிளகா ஒரு மொறத்துல, முழுசு முழுசா. பக்கத்துல எண்ணெய்ப் பாட்டிலு. எல்லாத்தையும் அடுப்புப் பக்கம் வச்சுட்டு, இடுக்கியையும் கரண்டியையும் அவரு கையில குடுத்துட்டு, ஒரு சேரை இழுத்துப் போட்டு சம்பந்தியம்மா பக்கத்துல போயி ஒக்காந்துக்கிட்டா.

செங்கோட்டுவேலு தீப்பெட்டியை எடுத்தாரு. குச்சியை உருவினாரு. உருவினவரு பத்த வெக்கலை.

"இந்த நெருப்புங்கறது இருக்குதுங்களே சம்பந்தி, இதுக்கு நாட்டுக்கு நாடு ஒரு சட்டம்"னு ஆரம்பிச்சாரு. "நான் ஆப்பிரிக்காவுல ரிக் ஓட்டினப்ப பார்த்தேன். லீவு நாளானா வெறகைப் போட்டுக் கம்பி வலை மேல கறி சுடுவாங்க. இடுக்கி எவன் கையில இருக்குதோ அவந்தான் ராஜா. அடுத்தவன் நெருப்பை நோண்டினா சண்டையே வந்துரும்."

"நல்ல சட்டமுங்க"ன்னா தெய்வானை. "நானும் இன்னிக்கு அதைத்தான் கடைப்பிடிக்கறேன்."

அவரு அதைக் காதுல வாங்கலை. ஜாம்பியாவுல ஏழு மாசம் இருந்தது நெசம். ஆனா அங்க சமைச்சது அர்த்தநாரின்னு ஒரு சங்ககிரிக்காரரு. இவரு குழாய் எண்ணிக்கை எழுதிக்கிட்டு இருந்தவரு. மத்த நாடெல்லாம் பார்த்தது ஓய்ஞ்சதுக்கப்புறம், செல்போன்ல, சோபாவுல படுத்துக்கிட்டு.

"அவங்க வெறும் உப்பைத் தடவிச் சுட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் தள்ளுங்கடான்னுட்டு நம்மூரு வறுவலைப் போட்டேன் பாருங்க. வாசனை காத்துல ஏறிப் போச்சு. முப்பது மைலுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த சிங்கம் எந்திரிச்சு வந்துருச்சு."

"ஐயோ சாமி! அடிச்சுப்போட்டுதுங்களா யாரையாச்சும்?"ன்னு பருவதம் சேர் நுனிக்கு வந்துட்டாங்க.

"அதெப்படிங்கம்மா? வரிசையில வந்து நின்னுதுங்க. முன்னால ரெண்டு வரிக்குதிரை. அதுக்குப் பின்னால சிங்கம். சிங்கத்துக்குப் பின்னால ஒரு தாசில்தாரு."

"வரிக்குதிரை கறி திங்குமுங்களா?"

"என்னிக்கும் திங்காது. அன்னிக்குத் தின்னுச்சு. சிங்கத்தோட மொறை வந்துச்சு. ஒரே ஒரு துண்டு. வாயில போட்டுது, ஒரு நிமிசம் யோசிச்சுது, அப்படியே ஆத்துப் பக்கம் ஓட்டம் புடிச்சுது. வாயை வச்சு உறிஞ்ச ஆரம்பிச்சா நிறுத்தவே இல்லீங்க. பொழுதெறங்கறதுக்குள்ள ஆத்துல தண்ணி இல்லை. நீர்யானையெல்லாம் சேத்துல நின்னுக்கிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்குதே, இன்னிக்கும் மனசை அறுக்குதுங்க."

நாச்சிமுத்து மெதுவா வாயைத் தொறந்தாரு. "சிங்கத்துக்கு எலையிலயா, தட்டத்துலயா?"

"தேக்கெலையிலங்க."

"சரி"ன்னு அவரு வாயை மூடிக்கிட்டாரு.

தீக்குச்சி இன்னும் கையிலதான் இருந்துது. தெய்வானை அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. மணி பதினொண்ணே கால்.

"கொரியாவுல வேற மாதிரிங்க. சாப்பாட்டு மேசைக்கு நடுவுலயே நெருப்பு வச்சிருப்பாங்க. கறியை அதுமேல போட்டு, கத்தரிக்கோலால வெட்டி வெட்டிக் கீரையில சுருட்டித் திம்பாங்க."

பருவதத்துக்குச் சுருக்குன்னு கோவம் வந்துது. "கத்தரிக்கோல்லயா? போங்கண்ணா! ஒரு அளவு வேண்டாமுங்களா? சிங்கம் வரிசையில நின்னுதுன்னீங்க, சரின்னு கேட்டுக்கிட்டேன். அதுக்காகத் துணி வெட்டற கத்தரிக்கோலால கறி வெட்டுனாங்கன்னா?"

செங்கோட்டுவேலுக்கு மொகமே சுண்டிப் போச்சு. "சத்தியமாங்கம்மா! இது நெசமுங்க!"

"அப்ப சிங்கம்?"ன்னாரு நாச்சிமுத்து.

செங்கோட்டுவேலு வெறகை இப்படி ஒண்ணு அப்படி ஒண்ணு நகர்த்தி வச்சாரு. தெய்வானை முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டா. ஆனா அவரு அதுக்கெல்லாம் அசர்ற ஆளா? குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள்ள போட்டுட்டு, அர்ஜென்டினாவுக்குப் போயிட்டாரு.

"அங்க முழு ஆட்டையே விரிச்சுக் கம்பியில கட்டி, நெருப்பைச் சுத்தி நட்டு வச்சிருவாங்க. காலையில நட்டா சாயந்தரம்தான் வேகும். சாப்பிட்டு முடிச்சதும் சுட்டவனுக்கு எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டணும். அது அவங்க பழக்கம். நான் போனேன். ஆட்டுக்குப் பதிலா நூத்தியிருபது கோழியைக் கம்பியில கட்டி நட்டேன். ஒரே ஒரு பள்ளிபாளையத்து மிளகாயை நூல்ல கட்டி நடுவுல தொங்க விட்டேன், அம்புட்டுத்தான். தின்னுட்டு ஊரே எந்திரிச்சுக் கைதட்டுச்சு பாருங்க. ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம். நிறுத்த முடியலை. மூணு நாளு தட்டினாங்க. கை ஓயாததால சோறு ஊட்டி விடறதுக்குப் பக்கத்து ஊருலருந்து ஆளு வந்துச்சு. வந்தவங்களும் ஒரு வாய் தின்னு பார்த்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க, அவங்களும் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

பருவதம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சு, வயித்துல கையை வச்சுக்கிட்டு, "மணி என்னங்க ஆகுது?"ன்னு புருசனைப் பார்த்தாங்க. பதினொண்ணே முக்காலு தாண்டியிருந்துது. தெய்வானை ஓடிப்போயி ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டலைக் கொண்டாந்து அந்தம்மா கையில குடுத்தா. திரும்பும்போது புருசன் காதுகிட்டக் குனிஞ்சு, "பத்த வெக்கறீங்களா, நான் கோழியை நோகாம எழுப்பி விட்டுரட்டுமா?"ன்னு கேட்டா.

"இரு புள்ள, மங்கோலியா பாக்கி இருக்குது"ன்னாரு அவரு.

மங்கோலியாவுல நெருப்பு மேல கறியை வெக்கறதே இல்லையாமா. கூழாங்கல்லைத் தகதகன்னு சுட்டு, கறியோட சேர்த்துப் பாத்திரத்துல போட்டு மூடிருவாங்களாமா. கல்லுச் சூட்டுலயே கறி வேகுமாமா. வெந்ததுக்கப்புறம் கொழுப்பு வழியற அந்தக் கல்லைச் சூட்டோட கையில மாத்தி மாத்திப் புடிச்சா ஒடம்பு வலியெல்லாம் ஓடிப்போயிருமாமா. நம்மாளு போட்ட கல்லு மட்டும் ஆறவே இல்லையாமா. "அந்த ஊரு ஒட்டகத்துக்கு மூட்டு வலி. கல்லைக் காமிச்சேன். காமிச்சேன், தொடக்கூட இல்லீங்க. எந்திரிச்சு மலையைத் தாண்டி ஓடிருச்சு. அந்தக் கல்லு இந்த வீட்டுலதான் இருக்குது. தெய்வானை, எடுத்தாந்து காட்டு அதை!"

"மாவு டிரம் மூடி மேல இருக்கறதுங்களா? அது போன ஆடிப்பெருக்குக்கு நான் காவேரியில எடுத்தாந்த கல்லுங்க."

"ஆமா, அதுக்குப் பக்கத்துல இருந்ததைச் சொன்னேன்."

"அதுக்குப் பக்கத்துல எலிப்பொறிதானுங்க இருக்குது."

நாச்சிமுத்து தோள்ல கெடந்த துண்டை எடுத்து மொகத்தைத் துடைச்சாரு. வேர்வையைத் துடைச்சாரா சிரிப்பைத் துடைச்சாரான்னு தெரியலை.

மானம் போகுதுன்னு தெரிஞ்சதும் செங்கோட்டுவேலு பெரிய சரக்கை எறக்கிட்டாரு. "இதெல்லாம் விடுங்க சம்பந்தி. பசிபிக் கடல்ல தீவுங்க இருக்குது. அங்க குழி வெட்டி, கல்லைச் சுட்டுப் போட்டு, வாழையெலையில கறியைச் சுத்தி வச்சு, மண்ணைத் தள்ளி மூடிருவாங்க. நாலஞ்சு மணி நேரங் கழிச்சுத் தோண்டி எடுத்தா பஞ்சு மாதிரி இருக்கும். நான் பார்த்தேன். என்னடா இது மூணடிக் குழி, நான் திருச்செங்கோட்டு ரிக்குக்காரன், எங்கிட்டயேவான்னு வண்டியை நிறுத்தி ஆயிரத்தி ஐநூறு அடி போர் போட்டேன். கல்லு வேண்டாம், நெருப்பு வேண்டாம், பூமிச் சூடே போதும். பன்னெண்டு கோழியைக் கயித்துல கட்டி எறக்கினேன்."

"வெந்துச்சுங்களா?"

"அதைத்தான் சொல்ல வர்றேன். அரை மணி நேரத்துல கயிறு வெடுக்வெடுக்குனு ஆடுச்சு. இழுத்துப் பார்த்தா கோழியைக் காணோம். எலும்பு மட்டும், சுத்தமா நக்கி, ஒழுங்கா அடுக்கி, வாழையெலையை நம்ம பக்கமா மடிச்சு வச்சு அனுப்பியிருக்குதுங்க. அடியில யாரோ மரியாதை தெரிஞ்சவங்க இருக்கறாங்க சம்பந்தி!"

பருவதம் சுண்டல் கிண்ணத்தைக் கீழ வச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நாச்சிமுத்து எந்திரிச்சு வந்து, செங்கோட்டுவேலு கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி, ஒரே குச்சியில வெறகைப் பத்த வச்சுட்டுத் திரும்பிப் போயி ஒக்காந்துட்டாரு.

"மணி பன்னெண்டேகால்"னாரு.

இனி பேச வழியில்லை. நெருப்பு தபதபன்னு எரிஞ்சுது. செங்கோட்டுவேலு எண்ணெயை ஊத்தினாரு. எவ்வளவுன்னு தெரியாம பாதிப் பாட்டிலை ஊத்தினாரு. எண்ணெய் பொகையற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் மொறத்தைத் தூக்கினாரு. எண்பது மிளகா, ஒண்ணைக்கூடக் கிள்ளலை, ஒரு வெதையை உதுக்கலை.

தெய்வானைக்குக் கை தானா முன்னால நீண்டுருச்சு. நீண்ட கையை மடியில போட்டு, இன்னொரு கையால அமுக்கிப் புடிச்சுக்கிட்டா. இடுக்கி அவரு கையில இருக்குது. அடுத்தவங்க நெருப்பு. அவளுக்கு அந்த நிமிசம் எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னா, முப்பத்தோரு வருசத்துல அவரு மேல வந்த கோவத்தையெல்லாம் சேர்த்தாலும் அத்தனை இருக்காது.

மொறம் கவுந்துது.

கறுப்பா ஒரு பொகை எந்திரிச்சுது பாருங்க. முதல்ல செங்கோட்டுவேலு தும்மினாரு. அப்புறம் பருவதம் இருமினாங்க. நாச்சிமுத்து சேரோட பின்னால சாஞ்சாரு. சுவத்து மேல படுத்திருந்த பூனை, வேலையா இருக்கற மாதிரி எந்திரிச்சுப் போயிருச்சு. பக்கத்து வீட்டுல ஜன்னலைச் சாத்தினாங்க, அதுக்கடுத்த வீட்டுல கதவைச் சாத்தினாங்க. காவேரிப் பாலத்து மேல போன பஸ்ஸுல அத்தனை பேரும் ஒண்ணாத் தும்மி, வண்டி ஒரு ஓரமாச் சாஞ்சே ஈரோடு போய்ச் சேர்ந்துச்சுன்னு சொல்றாங்க. அது எனக்குத் தெரியாது, நான் அந்த பஸ்ஸுல இல்லை.

"ஜமைக்காவுல..."ன்னு பொகைக்குள்ள இருந்து ஒரு கொரல் கேட்டுச்சு. "ஜமைக்காவுல... ஹச்சு... இப்படித்தானுங்க... பொகை போட்டு..."

எல்லாரும் வாசலுக்கு ஓடினாங்க. மூஞ்சியைக் கழுவி, மூக்கைச் சிந்தி, பொகை அடங்கினதும் திரும்பி வந்து பார்த்தா சட்டியில மிளகா கரியாக் கெடந்துது. செங்கோட்டுவேலு மட்டும் எடத்தை விட்டு அசையாம, கண்ணு ரெண்டும் செவந்து, இடுக்கியும் கரண்டியுமா நின்னாரு.

நாச்சிமுத்து துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "சரி. அடுத்தது?"ன்னு கேட்டாரு.

"கோழியைப் போடறதுங்க."

"உப்பு?"

"போடணுமுங்க."

"போடுங்க."

செங்கோட்டுவேலு அடுப்பைச் சுத்திப் பார்த்தாரு. தெய்வானையைப் பார்த்தாரு. அவ ஆகாசத்தைப் பார்த்தா. அவரு விறுவிறுன்னு சமையக்கட்டுக்குள்ள போனாரு. டப்பா மூடி ஒவ்வொண்ணாத் தொறக்கற சத்தம் கேட்டுச்சு. ஏதோ ஒண்ணு கீழ விழுந்து உருண்டுது. வெள்ளையா ஒண்ணைக் கிண்ணத்துல கொண்டாந்தாரு. பருவதம் நுனி நாக்குல வச்சுப் பார்த்து, "இது சக்கரைங்கண்ணா, எனக்கு ஆகாதுங்களே"ன்னாங்க. திரும்பப் போனாரு, கொண்டாந்தாரு. அது ரவை. மூணாவது தடவை கொண்டாந்தது கோலப்பொடி.

கோலப்பொடியைக் கையில வச்சுக்கிட்டு அந்த மனுசன் நிமிந்து நின்னாரு. எத்தனை அடி பட்டாலும் அந்த வாய் மட்டும் விழமாட்டேங்குது. "உண்மையைச் சொல்லணும்னா சம்பந்தி, பெரிய சமையக்காரனுங்க உப்பே போடறதில்லீங்க. நாலு பேரு நெடியில அழுதாங்கன்னு வையுங்க, அந்தக் கண்ணீரு சட்டியில விழுந்தாலே உப்பு சரியாயிரும். அதுக்காகத்தான் முதல்ல பொகை போட்டேன்."

நாச்சிமுத்து துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. அப்புறம் ஒரு வருசத்துக்குச் சேர்த்து வச்சிருந்த வார்த்தையை எல்லாம் எடுத்து வெளிய வச்சாரு.

"சம்பந்தி, பூமிக்குள்ள ஆயிரத்தி ஐநூறு அடி எறங்கிப் பார்த்தவரு நீங்க. உங்க வீட்டு உப்பு ஜாடி உள்ள கேஸ் அடுப்புலருந்து ஒரு சாண் தள்ளி இருக்குதுங்க. காலையில தண்ணி குடிக்கப் போனப்பவே நான் பார்த்தேன்."

பருவதம்கூடச் சிரிக்கலை. செங்கோட்டுவேலு கையில இருந்த கோலப்பொடியையே பார்த்துக்கிட்டு நின்னாரு. மீசை தொங்கிப் போச்சு. இந்த நேரத்துக்குத்தான் ஒரு வாரமாக் காத்திருந்தோம்னு தெய்வானை நெனைச்சிருந்தா. சிரிப்பு வரும்னு பார்த்தா வரலை. என்ன இருந்தாலும் கட்டினவன், வந்தவங்க முன்னால இப்படி நிக்கறதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கலை. எந்திரிச்சுப் போயி அவரு முன்னால நின்னா. ஆனா கையை நீட்டலை.

"இடுக்கி உங்க கையில இருக்குதுங்க. நீங்களாக் குடுத்தாத்தான் நான் வாங்குவேன்"ன்னா.

சட்டுன்னு நீட்டினாரு.

"சும்மா குடுத்தா ஆகாது. சொல்லிட்டுக் குடுங்க."

"என்ன சொல்ல?"

"அது உங்களுக்கே தெரியும்."

அவரு கோலப்பொடியைக் கீழ வச்சாரு. உலகம் பூரா சுத்தின வாய்க்கு அந்த ஒரு எட்டு எடுத்து வெக்க அத்தனை நேரம் ஆச்சு. "சம்பந்தி... எங்க வீட்டுல கோழி வறுக்கறது இவதானுங்க. தெய்வானைதான். முப்பத்தோரு வருசமா. நான் ஒரு வெங்காயங்கூட உரிச்சதில்லீங்க." அதுக்கு மேல ஒண்ணும் சேர்க்கலை. சிங்கம் வரலை, ஒட்டகம் வரலை.

தெய்வானைக்குக் கண்ணு கலங்கிருச்சு. நெடின்னு சொல்லி மறைக்க அவ பார்க்கலை. அழுகைதான்.

அப்புறம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டா. கரிஞ்சதைக் கொட்டிச் சட்டியை அலசி ஏத்தினா. உள்ள போயி உப்பு ஜாடியையும், கூடவே ஒரு எவர்சில்வர் டப்பாவையும் எடுத்தாந்தா. டப்பாவுக்குள்ள எண்பது மிளகா, வெதை உதுத்து, தோலு தோலா. விடியக்காலையிலயே உக்காந்து எடுத்து வச்சிருக்கறா. புருசனை விட்டுப் பார்க்கலாம், வந்த ஒறம்பரையைப் பட்டினி போடலாமா? பருவதத்துக்கு முதல்ல ஒரு கை சோறும் ரசமும் போட்டு உக்கார வச்சுட்டு அடுப்புக்கு வந்தா. நெருப்பை வெளிய இழுத்துத் தணிச்சா. மிளகா எண்ணெயில விழுந்தப்ப யாரும் தும்மலை. வெங்காயம் வதங்கி, கோழி சுருண்டு, தேங்காச் சில்லு செவக்கறப்ப வாசம் வந்துச்சு. போன பூனை திரும்பி வந்துருச்சு. பக்கத்து வீட்டு ஜன்னலு தொறந்துது.

வாழையெலை போட்டு எல்லாரும் ஒக்காந்தாங்க. நாச்சிமுத்து மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. எலையை மடிச்சுட்டு, கையைக் கழுவிட்டு வந்து, நின்ன எடத்துல தெய்வானையைப் பார்த்துக் கைதட்டினாரு. "அர்ஜென்டினாவுல இப்படித்தானுங்களாமா"ன்னாரு. பருவதமும் எந்திரிச்சுத் தட்டினாங்க.

கைதட்டைக் கேட்டதும் செங்கோட்டுவேலுக்குப் பழைய பழக்கம் தலையைத் தூக்கிருச்சு. கை தானா மீசைக்குப் போச்சு. "எல்லாம் நான்..."ன்னு முன்னால வந்தவரு, தெய்வானை மொகத்தைப் பார்த்துட்டாரு. ஒரு நொடி தடுமாறி, அப்படியே வண்டியைத் திருப்பினாரு. "எல்லாம் நான் பண்ணின புண்ணியமுங்க! இந்தக் கை உலகத்துலயே கெடையாது சம்பந்தி. இவ வறுவலைக் கேள்விப்பட்டு அந்த அர்ஜென்டினாக்காரங்க கப்பலேறி வந்தாங்க. காவேரியில கப்பலு வருமான்னு கேப்பீங்க. வந்துச்சு. நம்ம பாலத்துக்கடியில கொடிமரத்தை மடக்கிட்டு வந்துச்சு. கேப்டன் எறங்கி வந்து இவளுக்கு ஒரு சல்யூட் அடிச்சான் பாருங்க..."

இத்தனை வருசத்துல அந்தப் புளுகு முதல் தடவையா அவ பக்கமாப் பாஞ்சுது. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. கேப்டன் சல்யூட் அடிச்சு, நங்கூரம் போட்டு, ஒரு உருண்டை சோறு கேக்கற வரைக்கும் அவளும் கன்னத்துல கையை வச்சுக்கிட்டுக் கேட்டா.

அப்புறம் சொன்னா: "கேப்டன் நிக்கட்டுமுங்க. வடச்சட்டி கெடக்குது. கழுவற எடமாச்சும் எங்கன்னு தெரியுமா, நான் வந்து காட்டட்டுமா?"

"தெரியாம என்ன, எங்க வீடுதானே!"ன்னு செங்கோட்டுவேலு கரி புடிச்ச சட்டியை ரெண்டு கையாலயும் தூக்கி, தலையை நிமித்திக்கிட்டு, நேரா சாமி ரூமுக்குள்ள போனாரு.